சிட்டாவின் இலக்கணமும் அடங்கலின் இலக்கணமும்

தமிழ்நாட்டில் கன்னிவாடி என்னும் பெயரில் பேரூராட்சிகள் இரண்டு உள்ளன. ஒன்று பழனி மலையின் அடிவாரத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில். மற்றொன்று மூலனூருக்கு அருகில், திருப்பூர் மாவட்டத்தில். மனிதர்களுக்கு இதனால் பெரிய குழப்பம் ஏதுமில்லை. "எந்தக் கன்னிவாடி? செம்பட்டிப் பக்கமா, மூலனூர்ப் பக்கமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும். கணினி அப்படிக் கேட்பதில்லை. ஊர்ப்பெயரையே ஊரின் அடையாளமாகக் கொள்ளும்படி அதற்குச் சொல்லிவைத்தால், இரண்டு ஊரையும் ஒன்றாக்கி ஓர் ஊரின் உழவரை இன்னோர் ஊரில் குடியேற்றிவிடும்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் இலக்கிய வட்டத்தில் பகலில் மென்பொருள் எழுதி, மாலையில் சங்கப் பாடல் பேசுவோர் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல் கன்னிவாடிப் பகுதியில் இயங்கிய சிறிய உழவர் குழு ஒன்றுக்காக உறுப்பினர் பதிவேட்டைக் கணினியில் அமைத்துக் கொடுத்தார். பேரூராட்சிகளின் பட்டியலை ஏற்றிய முதல் நாளே இரண்டு கன்னிவாடியும் மோதிக்கொண்டன. ஊருக்குத் தனி எண் கொடுத்து அந்தச் சிக்கலை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிட்டார். இரண்டாம் நாள் வந்த சிக்கலோ இன்றளவும் தீரவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

அவர் அமைத்த படிவம் எளியது. உழவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், புல எண், பரப்பு, பயிர் என்று ஆறு கட்டங்கள். வரிசையில் வந்த மூதாட்டி ஒருவர் அந்த ஆறு கட்டங்களையும் இப்படிக் கலைத்துப் போட்டார்:

"பட்டா எங்க மாமனார் பேர்ல இருக்கு தம்பி. அவரு போயி பன்னண்டு வருசமாச்சு. கொழுந்தனாருக மூணு பேருக்கும் அதுல பங்கு இருக்கு. கெணத்துல எங்களுக்குக் கால் பங்கு. வெள்ளாம நாந்தான் பண்றேன். பக்கத்துக் காட்டையும் வாரத்துக்குப் பாக்குறேன். இப்ப உழவர்னு யாரு பேர எழுதுவீங்க?"

அம்மையார் பேசி முடித்த ஐந்தாறு வாக்கியங்களில், நண்பரின் வடிவமைப்பு முழுவதும் சரிந்தது. அவர் அன்று இரவு எங்களிடம் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "கணினியில் பிழை இல்லை, நான் எழுதிய வாக்கியத்தில்தான் பிழை." இலக்கியம் படித்தவர் என்பதால் அப்படிச் சொல்ல முடிந்தது.

அந்தப் பிழையின் தன்மையை விளங்கிக்கொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

*

வணிகத்துக்கோ அரசுக்கோ எழுதப்படும் எந்த மென்பொருளும் முதலில் ஓர் உலகைப் படைத்துக்கொள்கிறது. அவ்வுலகில் எவை எவை 'உள்ளன', அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன என்று வகுப்பதே தொடக்க வேலை. உள்ளவற்றை நம் பாடநூல்கள் உருபொருள் என்கின்றன. தொழிற்கூடங்களில் என்டிட்டி என்றே வழங்குகின்றனர். உருபொருளின் இயல்புகள் பண்புக்கூறுகள். உருபொருள்களுக்கு இடையிலுள்ளவை உறவுகள்.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றின் தொடர்புகளாகவும் காணும் கணித அடிப்படையை வெளியிட்டார். 1976இல் பீட்டர் சென், உருபொருளும் உறவும் கொண்டு வரையும் முறையை முன்வைத்தார். இன்று வங்கிக் கணக்கு முதல் ரேஷன் அட்டை வரை யாவும் இவ்விருவரின் சிந்தனை வழியே வந்தவை என்றால் மிகையாகாது.

சென் பின்னாளில் செய்த இன்னொரு வேலை நம்மைப் போன்றோர்க்கு இன்னும் சுவையானது. 1983இல் அவர் தம் வரைபட முறையை வாக்கிய அமைப்போடு ஒப்பிட்டு எழுதினார். பொதுப்பெயர்ச்சொல் உருபொருளாகும், செயப்படுபொருள் குன்றாவினை உறவாகும், பெயரடை பண்புக்கூறாகும் என்பது அவர் கண்ட பொருத்தம். வினை தொழிற்பெயராக மாறுவது போல, உறவும் தேவைப்படும்போது தானே ஓர் உருபொருளாக மாறலாம் என்றும் காட்டினார். ஆங்கில இலக்கணத்தை வைத்து அவர் சொன்னார். அதே கேள்வியைத் தமிழ் இலக்கணத்திடம் கேட்டால் என்ன விடை வரும் என்று எங்கள் வட்டத்தில் பல மாலைகள் பேசியிருக்கிறோம். வந்த விடை, கன்னிவாடி அம்மையாரின் கேள்விக்கு நேராகப் பொருந்துவதாய் இருந்தது.

*

பள்ளியில் வேற்றுமை படித்தவர்க்கு நினைவிருக்கும்: ஆறாம் வேற்றுமையின் பொருள் உடைமை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி இயற்றிய நன்னூல் அவ்வுடைமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுக்கிறது. பொருளைவிட்டுப் பிரியாதது தற்கிழமை. பிரிந்து நிற்கக்கூடியது பிறிதின்கிழமை. 'கந்தனது கை' என்பதும் 'கந்தனது தோட்டம்' என்பதும் சொல்லமைப்பில் ஒன்றே. ஆனால் கந்தன் இறந்தால் கை இல்லை, தோட்டம் இருக்கும்.

மென்பொருள் சட்டகங்களில் இதே வேறுபாடு உயிர்நாடியான ஒன்று. மும்பையில் உருவான ஃபிராப்பே என்னும் கட்டற்ற சட்டகத்தை எடுத்துக்கொள்வோம், ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்னும் வணிக மென்பொருள் அதன்மேல்தான் நிற்கிறது. அதில் ஓர் ஆவணத்துக்குள் சேய் அட்டவணை வைக்கலாம். தாய் ஆவணம் அழிந்தால் சேய் வரிகளும் அழியும். விற்பனைச் சீட்டும் அதிலுள்ள சரக்கு வரிகளும் அவ்வாறானவை. இது தற்கிழமை. அல்லது ஓர் ஆவணத்திலிருந்து இன்னோர் ஆவணத்துக்கு இணைப்பு மட்டும் கொடுக்கலாம். இணைக்கப்பட்டதை அழிக்க முயன்றால் சட்டகம் தடுக்கும். சீட்டும் வாடிக்கையாளரும் அவ்வாறானவை. இது பிறிதின்கிழமை. இரண்டில் எது என்று வடிவமைப்பாளரே முடிவு செய்ய வேண்டும். சட்டகம் அவருக்காகச் சிந்திக்காது. 2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தில் 'இதற்குப் பல உண்டு', 'இது அதைச் சேர்ந்தது' என்று ஏறக்குறைய வாக்கியமாகவே எழுதலாம். அங்கும் எந்த வகை உடைமை என்பதை எழுதுபவரே உணர்ந்து எழுத வேண்டும்.

எங்கள் நண்பர் புல எண்ணையும் பரப்பையும் உழவரின் பண்புக்கூறுகளாக வைத்தார். அதாவது நிலத்தை உழவரின் கையைப் போல் ஆக்கினார். தற்கிழமை! மாமனார் இறந்தபின்னும் பட்டா அவர் பெயரில் நிற்கிறது. நான்கு குடும்பங்கள் ஒரு புல எண்ணில் பங்கு கொள்கின்றன. ஒருவரே இரண்டு நிலங்களில் இரு வேறு முறையில் பயிர் செய்கிறார். இவற்றுள் எதற்கும் அப்படிவத்தில் இடமில்லை. நிலம் தனி உருபொருள், மாந்தர் தனி உருபொருள், இடையில் உள்ளது பலவற்றோடு பலவற்றை இணைக்கும் உறவு என்று பிரித்து எழுதியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

பாதிதான். மீதிப் பாதியை வேற்றுமை இயலால் தீர்க்க இயலாது. ஏனெனில் ஆறாம் வேற்றுமை பெயரைக் கொண்டு முடிவது. 'கந்தனது தோட்டம்' என்பதில் வினை இல்லை, காலமும் இல்லை. அம்மையார் சொன்னதோ வினை: "வெள்ளாம நாந்தான் பண்றேன்." அவர் தமக்கு உடைமை இருப்பதாகச் சொல்லவில்லை. தாம் செய்வதைச் சொன்னார். வினை என்று வந்துவிட்டால் நன்னூல் வேறு பட்டியலை நீட்டுகிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். தொல்காப்பியம் இன்னும் நுணுக்கமாய், யாருக்காக, என்ன பயன் கருதி என்பவற்றையும் சேர்த்து எட்டாக எண்ணுகிறது. சாகுபடிப் பதிவேடு ஒன்றை வடிவமைக்க உட்காரும் எவரும் இந்தப் பட்டியலை அப்படியே கட்டங்களாக்கிக் கொள்ளலாம்: யார் பயிரிட்டார், எந்த நீர் கொண்டு, எந்தப் புலத்தில், எந்தப் பசலியில், எந்தப் பயிரை, யாருக்குப் பங்கு கொடுத்து.

*

இத்தகைய பதிவேடு நமக்குப் புதிதன்று. கிராம நிர்வாக அலுவலர் பேணும் இரண்டாம் எண் கிராமக் கணக்கான அடங்கல் அதுவே. ஒவ்வொரு பசலியிலும் ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன விளைந்தது என்பதை அது குறிக்கிறது. பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவது; பசலி 1435 என்றால் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை. சிட்டாவோ யாருக்கு எவ்வளவு நிலம் என்பதைக் குறிப்பது. இன்று பட்டாவும் சிட்டாவும் ஒரே சான்றாகக் கணினியிலிருந்து கிடைக்கின்றன.

இலக்கண மாணவர் மொழியில் சொன்னால், சிட்டா ஆறாம் வேற்றுமைப் பதிவேடு. அடங்கல் வினைப் பதிவேடு. பழைய வருவாய்த் துறை இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருந்தது. அந்த அறிவை நாம் குறைவாக மதிக்கிறோம்.

பத்திரங்களின் மொழி இன்னும் செறிவானது. இப்பகுதியின் பழைய கிரயப் பத்திரம் எதையேனும் புரட்டுங்கள். நிலத்தின் நான்கு மால். கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு. மின்மோட்டார் இணைப்பில் பங்கு. மாமூல் வண்டிப்பாதையில் நடந்துகொள்ளும் பாத்தியம் என்று உறவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கும். உடைமை, அனுபோகம், ஒத்தி, போக்கியம், குத்தகை, வாரம் எனத் தமிழ் வழக்கில் மனிதருக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்புக்கு எத்தனை சொற்கள்! குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகை கொடுக்க வேண்டும். வாரத்தில் விளைந்ததில் பங்கு. ஒத்தியில் கொடுத்த பணம் திரும்பும் வரை நிலம் பணம் கொடுத்தவர் வசம். ஒவ்வொன்றும் வேறு உறவு. ஒவ்வொன்றிலும் வறட்சியின் சுமை வேறு ஆளின் தோளில் விழுகிறது. கணினிப் படிவத்தில் இவை அத்தனையும் 'உரிமையாளர் பெயர்' என்ற ஒரே கட்டத்துக்குள் சுருங்கும்போது, இழப்பு மொழிக்கு மட்டும் நேர்வதன்று.

*

இனி எங்கள் கவலையைச் சொல்கிறோம்.

பிரதமரின் கிசான் சம்மான் நிதி 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில். பெறுபவர் யார்? நிலம் உடைய உழவர் குடும்பம். அந்நிலமும் 2019 பிப்ரவரி 1ஆம் நாளன்று பதிவேட்டில் அவர்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. இறந்தவரின் வாரிசுக்கு மட்டும் விலக்கு. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர் இதில் இல்லை. 2018இல் தெலங்கானா தொடங்கிய ரைத்து பந்து திட்டமும் உடைமையாளரையே கண்டது. 2018 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற ஒடிசாவின் காலியா திட்டமோ வாரத்துக்கு உழுபவரையும் நிலமற்ற உழவுக் குடும்பத்தையும் சேர்த்தது. நாடு ஒன்று, தொழில் ஒன்று, ஆண்டும் ஏறக்குறைய ஒன்று. 'உழவர்' என்ற உருபொருளுக்கு மட்டும் இரண்டு வரையறைகள். அந்த வரையறை எங்கு நின்றதோ அங்குப் பணமும் நின்றது.

2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் அடித்தளமான அக்ரிஸ்டாக்கில் மூன்று பதிவேடுகள்: உழவர் பதிவேடு, புவிக்குறிப்புடன் கூடிய கிராம வரைபடம், விதைத்த பயிர்ப் பதிவேடு. 2025இல் தமிழ்நாட்டிலும் உழவர்க்குத் தனி அடையாள எண் வழங்கும் முகாம்கள் நடந்தன. உழவரின் ஆதாரோடு பட்டா விவரம் இணைக்கப்பட்டது. இனி வரும் உதவிகள் பலவற்றுக்கும் அந்த எண்ணே வாயிலாக இருக்கும். குத்தகையாளரைச் சேர்ப்பது மாநிலங்களின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது.

அமைப்பைக் கவனியுங்கள். மூன்றில் முதலாவது ஆறாம் வேற்றுமை; மூன்றாவது வினை. நல்ல பகுப்பே. ஆனால் அடையாள எண் பிறப்பது முதல் பதிவேட்டில். உடைமை இல்லாதவருக்கு எண் இல்லை. எண் இல்லாதவர் விதைத்த பயிர் யார் பெயரில் ஏறும்? உடையவர் பெயரில் ஏறும். வயலில் வினை செய்தவர் ஒருவர், பதிவேட்டில் எழுவாய் வேறொருவர்! இலக்கண வகுப்பில் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள்.

பெண்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு அளித்தது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. சட்டத்தின் உறவு வரைபடம் மாறியது. பட்டாவிலோ பெயர் தானாக மாறுவதில்லை. யாரேனும் விண்ணப்பித்துத்தான் மாற்ற வேண்டும். மாமனார் பெயரிலும் கணவர் பெயரிலும் நிற்கும் நிலத்தில் களையெடுப்பவர், நீர் பாய்ச்சுபவர், சந்தைக்கு மூட்டை ஏற்றுபவர் அப்பதிவேட்டுக்கு இல்லாதவர். 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்ற கட்டத்தின் மறுபக்கமாக மட்டும் அவர் இருக்கிறார்.

*

மறுப்புகள் உண்டு என்பதை அறிவோம். வலுவான இரண்டைச் சொல்வோம்.

முதலாவது: எளிய வடிவமே முறைகேட்டைத் தடுக்கும், பட்டா கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று, 'நான் பயிரிடுகிறேன்' என்பதோ வாய்ச்சொல் என்பது. இதில் உண்மை உண்டு. ஆயினும் பயிர் கண்ணால் காணக்கூடியது, பட்டாவைவிடவும் கண்கூடானது. 2024 இறுதியில் தமிழ்நாட்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களையே வயலுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு தூரம் சென்று பயிரின் படத்தை எடுக்க முடிகிறதென்றால், அங்கே நிற்பவரின் பெயரைக் கேட்க இன்னொரு நிமிடம் போதும்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. குத்தகையை எழுத்தில் வைக்க உடையவர் அஞ்சுகிறார். 1955இன் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும், 1969இன் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் உழுபவரைக் காக்க வந்தவை. எழுதினால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சத்தால் குத்தகை வாய்மொழிக்குள் ஒளிந்துகொண்டது. ஆகவே அந்தக் கட்டம் காலியாக இருப்பது வடிவமைப்பாளரின் அறியாமையால் மட்டுமன்று. ஊரே சேர்ந்து காலியாக வைத்திருக்கிறது. இதை மென்பொருள் தீர்க்கும் என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் இலக்கணம் இங்கும் ஒரு வழி காட்டுகிறது. வினைக்குக் காலம் உண்டு, உடைமைக்கு இல்லை. 'இந்தப் பசலியில் இவர் பயிரிட்டார்' என்ற வாக்கியம் அந்தப் பசலியோடு முடிந்துவிடும். 'இது இவரது நிலம்' என்ற வாக்கியமாக அது ஒருபோதும் மாறாது என்று சட்டமே உறுதி கூறினால் அச்சம் குறையும். ஆந்திரம் 2011இல் ஓராண்டுக்குச் செல்லும் கடன் தகுதி அட்டையைச் சட்டமாக்கியது. 2019இல் பதினொரு மாத உடன்பாட்டின் பேரில் பயிர் செய்பவர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தில் உரிமை கோராமல் விளைச்சலுக்கான உதவி மட்டும் பெற வழி செய்வதே அதன் நோக்கம். உடையவர் கையொப்பமிட வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அது எட்டவில்லை. எனினும் திசை சரியானது. உடைமையையும் உழவையும் இருவேறு உறவுகளாக ஒரு சட்டம் ஏற்றுக்கொண்டது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒன்று, உழவர் பதிவேட்டில் அடையாள எண் மனிதருக்கு உரியதாகட்டும். பட்டா அந்த எண்ணோடு இணையும் பல உறவுகளுள் ஒன்றாகட்டும். இரண்டு, உடைமை, குத்தகை, வாரம், ஒத்தி, கிணற்றுப் பங்கு ஆகியவை தொடக்க நாளும் முடிவு நாளும் கொண்ட தனித்தனி உருபொருள்களாகட்டும். உழுதல் உழவு என்று தொழிற்பெயராவது போல. மூன்று, படிவம் வகுக்கும் அறையில் மொழி அறிந்த ஒருவரும் அந்த ஊரின் வழக்கறிந்த ஒருவரும் அமரட்டும்.

மூன்றாவது வேண்டுகோளைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். கன்னிவாடி வட்டாரத்துக்குக் கணினி புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதி உழவரோடு நெடுங்காலம் பணியாற்றியது. 2004இல் இஸ்ரோவும் அந்நிறுவனமும் சேர்ந்து தமிழ்நாட்டில் திறந்த முதல் கிராம வள மையங்களுள் ஒன்று அருகிலுள்ள செம்பட்டியில் அமைந்தது. கருவி எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. வராதது, உள்ளூர்ச் சொல்லுக்கு அந்தக் கருவியில் ஓர் இடம்.

எங்கள் நண்பர் பின்னர் தம் வடிவமைப்பை மாற்றி எழுதினார். மாந்தர், நிலம், கிணறு, அவற்றிடையே நாள் குறித்த உறவுகள். மூதாட்டியின் பெயரில் மூன்று வரிகள் விழுந்தன: மாமனார் நிலத்தில் பங்குதாரர், கிணற்றில் கால் பங்கு, பக்கத்துக் காட்டில் வாரம். குழுவின் விதைப் பங்கீட்டில் இரண்டு நிலத்துக்கும் அவர் பெயரிலேயே விதை கிடைத்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அவர் இன்றும் இல்லாதவரே. ஒரு சிறு குழுவின் பதிவேட்டில் மட்டும், அவர் தம் வினைக்குத் தாமே எழுவாயாக நிற்கிறார். அரசின் பதிவேட்டிலும் அவ்வாறு நிற்பது இயலாத ஒன்றன்று என்று நம்புகிறோம். மறுப்பவர்கள் தம் காரணங்களோடு எழுதட்டும், கேட்கக் காத்திருக்கிறோம்.